ஏழரைக்கு பஸ் இல்லை

இந்தத் தளத்தில் நான் எழுதியவற்றில் அதிகம் படிக்கப்பட்டது ஐஃபல் ஏரிப் பயணம். அதிகம் திட்டு வாங்கித் தந்ததும் அதுதான். "கடைசிப் படகு ஐந்தரைக்கு" என்று எழுதியிருந்தேன். அதை நம்பிப் போன ஒரு குடும்பம், படகு நாலரைக்கே கிளம்பிவிட்டது, கைக்குழந்தையோடு ஒன்பது கிலோமீட்டர் நடந்தோம் என்று கீழே கருத்து போட்டிருந்தது. படகுக்காரர் வாயால் சொல்லக் கேட்டு நான் எழுதிய நேரம் அது. எனக்கு ஒரே எரிச்சல். "நேரத்தை மாற்றியிருப்பார்கள். கிளம்புமுன் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு" என்று பதில் போட்டுவிட்டு, பதிவில் ஐந்தரையை நாலரை என்று சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன். இந்தக் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று கேட்காதீர்கள், வருகிறேன்.

உல்மன்ராத் பயணம் நான் திட்டமிட்டதல்ல. ஜூலை மாதத்து வியாழக்கிழமை மாலை, ஆஹெனில் என் மாடிக்கு நேர்கீழ் வீட்டில் இருக்கும் டிலானி கதவைத் தட்டினாள். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் தவறாமல் போனவள் என்பதால் தமிழ் எழுதப் படிக்க நன்றாகவே வரும்.

"அக்கா, சனிக்கிழமை ஃப்ரீயோ? எங்கட ரேடியோவுக்கு ஒரு வெளியாள் வேணும்" என்றாள்.

"ரேடியோவா? உங்ககிட்ட ஏது ரேடியோ?" என்றேன்.

விஷயம் இது. உல்மன்ராத் என்பது கீழ் ரைன் பகுதியில், காட்டுக்கு நடுவே ஒரு மாதா கோயில் இருக்கும் சின்ன ஊர். ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள். கொலோன், ஹம் என்று பல ஊர்களில் இருந்தும், ஹாலந்தில் இருந்தும் வருகிறார்கள். கோயிலில் இருந்து ரயில் நிலையம் ஆறு கிலோமீட்டர். நடுவில் காட்டுச் சாலை ஒன்றுதான். அத்தனை பேர் கூடினால் கைபேசி இணைப்பு படுத்துவிடும். முந்தைய ஆண்டு பஸ் நேரம் மாறியதை நகராட்சி ஒலிபெருக்கியில் ஜெர்மன் மொழியில் மட்டும் சொல்லியிருக்கிறது. பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை, விழுந்தவர்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மழையில் ஆறு கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள்.

அதனால் இந்த ஆண்டு ஒரே ஒரு நாளுக்கு, நாலு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் எட்டும் ஒரு சின்னப் பண்பலை ஒலிபரப்புக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். அதுவும் சோதனை அனுமதி. ஒழுங்காக நடந்தால்தான் அடுத்த ஆண்டு. அதில் ஒரு நிபந்தனை: ஒலிபரப்பாகும் ஒவ்வொரு தமிழ் அறிவிப்பையும், இதை நடத்தும் தமிழ்ச் சங்கத்தில் உறுப்பினர் அல்லாத ஒரு தமிழ் வாசகர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மன்காரர்கள் இதற்கு நாலு கண் விதி என்பார்கள்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் சங்கத்திலதான் இருக்கினம் அக்கா. உங்களை விட்டா வெளியாள் ஒருத்தரும் இல்லை" என்றாள் டிலானி.

வெளியாள் என்று இவ்வளவு அன்பாக என்னை யாரும் சொன்னதில்லை. வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை 7:20க்கு ஆஹென் முதன்மை நிலையத்தில் இருந்து பிராந்திய ரயில். ம்யோன்ஷன்கிளாட்பாக்கில் இறங்கி, 14 நிமிடம் நின்று, சின்ன ரயிலுக்கு மாறினோம். உல்மன்ராத் நிலையத்தில் இறங்கும்போது 9:05. மாத டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவு இல்லை. நான் போனபோது அது 58 யூரோ. நிலைய வாசலில் இருந்து கோயிலுக்கு நகராட்சி ஏற்பாடு செய்த சிறப்பு பஸ், போகவர 3 யூரோ, இருபது நிமிடத்துக்கு ஒன்று. சாலை முழுக்க இருபுறமும் பீச் மரங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் இடதுபக்கம் உட்காருங்கள், ஓடையும் பழைய மாவு ஆலையும் அந்தப் பக்கம்தான் தெரியும்.

கோயில் சின்னது, செங்கல் கட்டடம். முன்னால் பெரிய புல்வெளி. ஒன்பதரைக்கே புல்வெளி நிறையப் பாய்கள், மடக்கு நாற்காலிகள், இடியப்பப் பெட்டிகள். பின்னால் பாதை காட்டுக்குள் 1.8 கிலோமீட்டர் போய் ஒரு நீரூற்றில் முடிகிறது. சிலுவைப் பாதையின் கடைசித் தலமும் அங்கேதான். திருப்பலி பதினொரு மணிக்கு, மாதாவின் சுருவப் பவனி, அதாவது சிலை ஊர்வலம், இரண்டு மணிக்கு. அதன்பிறகு மாலைவரை ஊற்றுக்கு நடப்பதும், உட்கார்ந்து கதைப்பதும், சாப்பிடுவதும்தான் நிகழ்ச்சி.

வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொள்கலன் அறை. கூரையில் துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஆன்டெனா. அதுதான் வானொலி நிலையம். உள்ளே ஒரு மேசை, ஒலிவாங்கி, கணினி, ஒரு தண்ணீர்ப் போத்தல் பெட்டி. வாசலுக்கு ஓர் அடி உள்ளே தரையில் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். நான் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரர் நாடாவுக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

அவர் ஹெர் பிரிங்க்மன், நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி. உயரமானவர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் மஞ்சள் தாள் கட்டு. அவர் ஏன் வாசலிலேயே நிற்கிறார் என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தோணிப்பிள்ளை அண்ணை பதில் சொன்னார்.

"அவர் அரசாங்கம், பிள்ளை. அரசாங்கம் ரேடியோவைத் தொடக்கூடாது. இஞ்சத்தைச் சட்டம் அது. பேப்பரில எழுதித் தரலாம். வாசிக்கச் சொல்லி எங்களை வற்புறுத்தேலாது. மைக்கில கை வைக்கவே ஏலாது. நாடா நான்தான் ஒட்டினனான். எழுதின சட்டம் மறந்துபோம், நாடா காலில தட்டுப்படும்."

இந்த நாட்டில் ஒரு காலத்தில் வானொலியை அரசாங்கம் கையில் வைத்துக்கொண்டு என்னென்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஆகவே, பஸ் எத்தனை மணிக்கு என்பதை அறிந்த ஒரே மனிதர் ஒலிவாங்கிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார், ஆனால் அதில் பேச முடியாது. எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்தோணிப்பிள்ளை அண்ணைக்கு வயது ஐம்பத்தெட்டு இருக்கும். மன்னார்க்காரர். அகதியாக வந்து, இப்போது ஹம் நகரில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவுபகல் மாறிமாறி வேலை. அனுமதிப் பத்திரத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் இருப்பது அவர் பெயர். விண்ணப்பம் போட்டுப் போட்டு, படிவம் திரும்பி வந்து, மறுபடி நிரப்பி என்று ஓராண்டு இதற்காக அலைந்திருக்கிறார். முந்தைய ஆண்டு மழையில் நடந்தவர்களில் அவர் மனைவி ரெஜினா அக்காவும் ஒருவர். அவருக்கு முழங்கால் வருத்தம். வீடு போய்ச் சேர்ந்து பதினைந்து நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லையாம்.

"இந்த முறையும் வந்திருக்கிறா. ஊற்றடியில இருந்து செபமாலை சொல்லோணுமாம். சின்ன ரேடியோ ஒண்டு வாங்கிக் குடுத்திருக்கிறன். ரேடியோ சொல்லும், அப்ப வெளிக்கிட்டாக் காணும் எண்டு சொல்லிவிட்டனான்" என்றார்.

நிபந்தனைகளை எனக்கு வாசித்துக் காட்டினார். விளம்பரம் கூடாது. பாட்டு கூடாது. பிரசங்கம், வாழ்த்து, அரசியல் எதுவும் கூடாது. பயணிகளுக்கான தகவல் மட்டும்: பஸ், சாலை, வாகன நிறுத்தம், வானிலை, முதலுதவி, காணாமல்போன பிள்ளைகள். இடையில் அமைதி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு 'டிங்'. ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஒரு தாள். இடப்பக்கம் நகராட்சி தந்த ஜெர்மன் வாசகம், வலப்பக்கம் தமிழ், அடியில் இரண்டு கையெழுத்து. தாளில் இல்லாத ஒரு சொல்லும் காற்றில் போகக்கூடாது. எல்லாம் பதிவாகும், பதிவும் தாள்களும் அனுமதி தந்த ஆணையத்துக்குப் போகும்.

மதியம்வரை எல்லாம் சுகமாக ஓடியது. நீல நிறக் கார் வழியை மறிக்கிறது, குடிநீர் எங்கே, இப்படித்தான். ஓர் அம்மா வந்து மகனின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் போடச் சொல்லி மன்றாடினார். அண்ணை நிபந்தனைத் தாளை எடுத்துக் காட்ட, "பாட்டுப் போடாத ரேடியோவும் ஒரு ரேடியோவோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதே கேள்விதான்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிலானி 'கெதியா' என்று எழுதினால் 'விரைவாக' என்று மாற்றினேன். 'வடிவாப் பாருங்கோ' என்பதை 'கவனமாகப் பார்க்கவும்' ஆக்கினேன். 'எல்லாரும் வெளிக்கிடுங்கோ' என்று ஒரு தாளில் வந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'வெளிக்கு' என்றால் காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு போவது. அவர்களுக்கு 'வெளிக்கிடு' என்றால் புறப்படு. விளக்கியதும் டிலானி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களை வெளிக்கிடச் சொன்னபோது என்ன நினைச்சனீங்கள்?" என்றாள். பத்து நிமிடம் அந்த அறையில் வேலை நடக்கவில்லை.

3:40க்கு ஹெர் பிரிங்க்மன் வேகமாக வந்தார். முகம் சரியில்லை. மாலையில் சூறைக்காற்று என்று எச்சரிக்கை. மரங்கள் விழக்கூடும் என்பதால் 18:45க்குக் காட்டுச் சாலையைப் பூட்டப் போகிறார்கள். எட்டு மணிக்கு இருந்த கடைசி பஸ் முன்னால் வருகிறது. தொலைபேசியில் கேட்டதை அப்படியே அவசரமாகக் கையால் எழுதி, மஞ்சள் தாளை நாடாவுக்கு மேலே நீட்டினார். அதில் கடைசி பஸ் 'ஹால்ப் ஸீபன்' என்று எழுத்தால் எழுதியிருந்தது. ஹால்ப் என்றால் அரை, ஸீபன் என்றால் ஏழு.

டிலானி தமிழில் எழுதினாள்: காற்று எச்சரிக்கை, சாலை பூட்டப்படுகிறது, கடைசி பஸ் ஏழரைக்கு, எல்லாரும் அதற்குள் கெதியா வெளிக்கிடுங்கோ. நான் வாங்கிப் பார்த்தேன். 'கெதியா'வை அடித்தேன், 'வெளிக்கிடுங்கோ'வை அடித்தேன், 'புறப்படுங்கள்' போட்டேன், ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தேன். இடப்பக்கம் அரை ஏழு, வலப்பக்கம் ஏழரை. பொருந்துகிறது. கையெழுத்துப் போட்டேன். 3:50க்கு அறிவிப்பு போனது. அவசர அறிவிப்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும் என்பது விதி, அதன்படி போய்க்கொண்டே இருந்தது.

4:15க்குத் தேநீர் குடிக்கக் கிளம்பினேன். தேத்தண்ணி 1 யூரோ, ரோல்ஸ் ஒன்று 2 யூரோ, இரண்டும் நன்றாக இருந்தன. ரோல்ஸைக் கடித்துக்கொண்டே பஸ் திரும்பும் வட்டத்துக்கு நடந்தேன். அறையில் இருந்து 400 மீட்டர். பஸ் ஓட்டுநரும் தமிழர்தான், செல்வம் அண்ணை என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்துபோட்டு நம்முடைய வானொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீங்கள் ரேடியோக்காரரோ? உதென்ன ஏழரைக்கு பஸ் எண்டு சொல்லுது? ஆரு ஓடுறது?"

"நீங்கதான். லாஸ்ட் பஸ் ஏழரைக்குன்னு அவங்க ஆபீஸ்லேர்ந்தே எழுதிக் கொடுத்திருக்காங்க. ஹால்ப் ஸீபன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஹால்ப் ஸீபன் எண்டா ஆறரை."

"இல்லீங்க. ஏழும் அரையும்..."

"ஏழும் அரையும் இல்லை, பிள்ளை. ஏழை எட்ட இன்னும் அரை கிடக்கு. ஜெர்மன்காரன் வரப்போற மணிக்குத்தான் கணக்குப் பாப்பான். ஆறேமுக்காலுக்கு ரோட்டைப் பூட்டுறாங்கள், பேந்து ஏழரைக்கு பஸ் என்னெண்டு வரும்?"

சாலை பூட்டும் நேரம் அதே தாளில், அதற்கு மேல் வரியிலேயே இருந்தது. 18:45. நான் ஒற்றைச் சேர்த்த வரிக்கு நேர் மேலே. நாலு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கிறேன். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம், கூட்டங்கள் எல்லாம் கைபேசியில் இலக்கமாக வரும். வாயால் நேரம் கேட்கும் தேவையே எனக்கு வந்ததில்லை. ஓடினேன்.

அறைக்குள் மூச்சிரைக்க நான் சொன்னதும் டிலானி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஐயோ. ஹால்ப் ஸீபன் ஆறரை எண்டு எனக்குத் தெரியும்தானே அக்கா! தலைக்குள்ள ஆறரைதான் இருந்தது. கை ஏழரை எண்டு எழுதிட்டுது."

தமிழைவிட ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவள் அப்படி எழுதினாள். ஜெர்மனைவிடத் தமிழ் நன்றாகத் தெரிந்தவள் சரி என்று கையெழுத்துப் போட்டாள். நாலு கண்ணும் ஒரே குழியில் விழுந்தன. 4:20 அறிவிப்பும் போயிருந்தது. நாலு முறை. ஊற்றடியில் மட்டும் இருநூறு பேராவது இருப்பார்கள், அவர்களில் ரெஜினா அக்காவும் இருந்தார். அந்த முழங்காலோடு 1.8 கிலோமீட்டர் வர அவருக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

ஹெர் பிரிங்க்மனிடம் டிலானி ஜெர்மனில் சொன்னாள். அவர் முகம் வெளிறியது. ஒலிவாங்கியை நோக்கி ஒரு காலை எடுத்துவைத்தார். நாடா வந்தது. கால் அப்படியே நின்றது. "எனக்கு அனுமதி இல்லை" என்றார் தனக்குத்தானே. பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, சுவரில் வைத்து, கொட்டை எழுத்தில் 18:30 என்று எழுதி, இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிதரைப் பார்த்துக் காலையில் சிரித்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

டிலானி அண்ணை பக்கம் திரும்பினாள். "அண்ணை, பிழை விட்டது எண்டு பதிவில போனா அனுமதி போயிடும். முதல் வருசம். புது அறிவித்தல் மாதிரி ஆறரை எண்டு மட்டும் சொல்லுவமே? முந்தினதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காரியம் நடந்தால் போதும்தானே? என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்தது.

அந்தோணிப்பிள்ளை அண்ணை தாளை மேசையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

"அப்பிடிச் சொன்னா சனத்தின்ர கையில ரெண்டு நேரம் இருக்கும், பிள்ளை. ஏழரை எண்டு நாலுதரம் கேட்டிருக்கினம், ஆறரை எண்டு ஒருக்காக் கேப்பினம். இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் மனம் சொல்லும், ஏழரையைத்தான் பிடிச்சுக்கொண்டு இருப்பினம். மன்னாரில ஒருக்கா ஊரடங்கு எடுத்தாச்சு எண்டு ரேடியோ சொன்னது. பேந்து வேற மணி சொன்னது. முதல் சொன்னது பிழை எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை. முதல் சொன்னதைக் கேட்டு வெளிக்கிட்ட ஆக்கள் இருந்தவை." தாளை டிலானி பக்கம் தள்ளினார். "அனுமதி போனாப் போகட்டும். பிழை எண்டு சொல்லு. அந்தச் சொல்லை முதல் சொல்லு."

டிலானி எழுதினாள். நான் படித்தேன். இந்த முறை சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, இலக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன், ஹெர் பிரிங்க்மன் எழுதிய 18:30 உடன் ஒப்பிட்டு. கையெழுத்துப் போட்டேன். 4:29க்கு அவள் வாசித்தாள்:

"பிழை. நாங்கள் பிழை விட்டிட்டம். கடைசி பஸ் ஏழரைக்கு எண்டு சொன்னது பிழை. ஏழரைக்கு பஸ் இல்லை. கடைசி பஸ் ஆறரைக்கு. பதினெட்டு மணி முப்பது நிமிசம். காத்து வரப்போகுது. ஊற்றடியில இருக்கிற ஆக்கள் இப்பவே கெதியா வெளிக்கிடுங்கோ. ஏழரை எண்டு கேட்ட ஆக்கள் பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கும் சொல்லுங்கோ, அது பிழை எண்டு."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதையே வாசித்தாள். மூன்றாம் முறைக்குப் பிறகு புல்வெளியில் பாய்கள் சுருண்டன. யாரோ யாரையோ "ஏழரை இல்லையாம், ஏழரை இல்லையாம்!" என்று கூப்பிட்டுச் சொல்வது அறைக்குள் கேட்டது. ஐந்தரைக்கெல்லாம் பஸ்கள் நிரம்பி நிரம்பிப் போயின. நகராட்சி கூடுதலாக இரண்டு பஸ் அனுப்பியது.

அண்ணை இடத்தை விட்டு எழவில்லை. ஒலிபரப்பு நடக்கும் நேரம் முழுக்கப் பொறுப்பாளர் அறையில் இருக்க வேண்டும், அதுவும் நிபந்தனை. ரெஜினா அக்காவுக்குப் போன் போட்டார், இணைப்பு இல்லை. "நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "போங்கோ பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

காட்டுப் பாதையில் எதிரே சனம் வந்துகொண்டே இருந்தது. மரங்களின் உச்சி மட்டும் அசைய ஆரம்பித்திருந்தது, கீழே ஓர் இலை ஆடவில்லை. பாதியில் வளைவு திரும்பியதும் ரெஜினா அக்காவைப் பார்த்தேன். கையில் தடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்ன ரேடியோ, அதில் 'டிங்' என்று சத்தம். முன்பின் பார்த்ததில்லை, இருந்தும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் தோளைக் கொடுத்தேன்.

"ஆரு ஏழரை எண்டு எழுதினது?" என்று கேட்டார் நடந்துகொண்டே.

"நாங்கதான் அக்கா. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"நல்ல வேளை பிழை எண்டு சொன்னியள். இல்லாட்டி ரெண்டாவதாச் சொன்னதுதான் பிழை எண்டு நினைச்சு, இன்னும் ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். பிறகு, "அவர் சொல்லச் சொல்லியிருப்பார்" என்றார். கேள்வியாக இல்லை.

பஸ் வட்டத்துக்கு வந்தபோது 6:24. செல்வம் அண்ணை படியை இறக்கிக் கொடுத்தார். அறையில் டிலானி கடைசி அறிவிப்பை வாசித்து முடித்து, கருவியை அணைத்து, அண்ணையோடு ஓடிவந்தாள். ஹெர் பிரிங்க்மன் புல்வெளியைக் கடைசியாக ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். 18:30க்கு பஸ் கிளம்பியது. யாரும் மிஞ்சவில்லை. அண்ணை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழுத்தில் இருந்த ரேடியோவை வாங்கி அணைத்தார். 'டிங்' நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.

7:10க்கு நாங்கள் நிலையத்தின் கூரைக்குக் கீழே நிற்கும்போது காற்று அடித்தது. இரண்டு மரங்கள் காட்டுச் சாலையில் விழுந்ததாக மறுநாள் ஹெர் பிரிங்க்மன் எழுதியிருந்தார். ரயிலில் டிலானி என் தோளில் தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை. ம்யோன்ஷன்கிளாட்பாக்கைத் தாண்டும்போதுதான் அந்தப் படகுக்காரர் நினைவுக்கு வந்தார். கயிற்றைச் சுற்றிக்கொண்டே கடைசிப் படகு எப்போது என்று அவர் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது: ஹால்ப் ஃப்யுன்ஃப். அரை, ஐந்து. நேரத்தை யாரும் மாற்றவில்லை. அன்றும் அது நாலரைதான்.

திங்கட்கிழமை அண்ணை எல்லாத் தாள்களையும் ஆணையத்துக்கு அனுப்பினார், பிழைத் தாளை மேலே வைத்து. பதில் அக்டோபரில் வந்தது. அடுத்த ஆண்டுக்கும் அனுமதி. பிழையைத் தாமதமின்றி, தெளிவாகத் திருத்தியதைக் குறித்துக்கொண்டதாக ஒரு வரி. கூடவே புது நிபந்தனை: நேரத்தை நகராட்சியும் சங்கமும் இருபத்துநாலு மணி இலக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும், தமிழில் 'ஏழரை' போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். ஏழரை என்பதை ஜெர்மன் எழுத்தில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை கோயிலில் விளக்கு ஏற்றியும் போகாத ஏழரை, ஒரு ஜெர்மன் கடிதத்தில் தடைசெய்யப்பட்டுவிட்டது. டிலானி அதன் நகலை என் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் ஒரு சனிக்கிழமை, தேதியை உள்ளூர்த் தமிழர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஹெனில் இருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம். கைபேசியை நம்பாதீர்கள், மின்கலத்தில் ஓடும் சின்ன ரேடியோ 15 யூரோவுக்குக் கிடைக்கும். அலைவரிசை எண் நிலைய வாசலில் ஒட்டியிருக்கும். ஊற்றுக்கு நல்ல காலணி வேண்டும், திரும்பி வர அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டு வராது என்பதற்காக ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் யாராவது வாயால் நேரம் சொன்னால், வெட்கப்படாமல் ஒரு தாளைக் கொடுத்து இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு ஐஃபல் ஏரிப் பதிவைத் திறந்தேன். அந்தக் குடும்பத்துக்கு நான் போட்ட பதில் அங்கேயே இருக்கிறது, அதை அழிக்கவில்லை. பதிவின் உச்சியில் இதைச் சேர்த்திருக்கிறேன். டிலானி படித்துப் பார்த்து, பக்கத்தில் அவளும் பெயர் போட்டிருக்கிறாள்:

பிழை. கடைசிப் படகு ஐந்தரைக்கு என்று நான் எழுதியது பிழை. நேரத்தை யாரும் மாற்றவில்லை, எனக்குத்தான் விளங்கவில்லை. கடைசிப் படகு 16:30. கைக்குழந்தையோடு நடந்தவர்களே, மன்னித்துக்கொள்ளுங்கோ.